டூப்ளிகேட் கோட் ரிப்போர்ட்டை நம்பும்படி ஆக்குவது எப்படி? மெயின்டனன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

காலேஜ் முடித்து பெங்களூரு வந்து, எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பெல்லந்தூர் பக்கமோ ஒரு கம்பெனியில் சேர்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மெயின்டனன்ஸ் புராஜெக்ட்தான். பல கை மாறி வந்த ஜாவா கோட் இருக்கும். எழுதியவர்களில் ஒருவரும் டீமில் இருக்க மாட்டார்கள். கேடி, அதாவது வேலையைக் கைமாற்றும் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், என்ற பெயரில் நாலைந்து வீடியோ ரெக்கார்டிங் மட்டும் மிச்சம். அங்கே புதியவர் தலையில் வந்து விழும் வேலைகளில் ஒன்று: "டூப்ளிகேட் கோட் எவ்வளவு இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் எடுத்துக் குடுப்பா."

ரிப்போர்ட் எடுப்பது சில நிமிட வேலை. ஏதாவது ஒரு கருவியை இறக்கி ஓட்டினால் ஆயிரக்கணக்கில் பொருத்தங்கள் வந்து கொட்டும். டீம் லீட் முதல் பக்கத்தைத் திறப்பார், வரிசையாக கெட்டர், செட்டர் (ஒரு மதிப்பை எடுக்கவோ வைக்கவோ மட்டும் உதவும் சின்ன ஃபங்ஷன்கள்). இரண்டாம் பக்கம் தானாக உருவான கோட். "ஏம்பா, இதுல எதைத்தான் பார்க்கிறது?" என்று மூடிவிடுவார். அப்புறம் அதை யாரும் திறக்க மாட்டார்கள்.

அப்படி ஆகாமல், ரிப்போர்ட்டில் வருவது உண்மையாகவும், வரவேண்டியது விடுபடாமலும் இருக்க என்ன செய்யலாம் என்பதற்கான வழிமுறை இது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கருவியை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் கிடைக்கும் பலன் குறைவு. எதை உள்ளே கொடுக்கிறீர்கள், வெளியே வந்ததில் ஒரு நூறு பொருத்தத்தைக் கையால் பார்த்தீர்களா என்ற இரண்டில்தான் துல்லியத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12%, 28% அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5%, 18% அடுக்குகளுக்கு மாறின. வரி கணக்கிடும் ஃபங்ஷன் இன்வாய்ஸ், கிரெடிட் நோட், ரிட்டர்ன் என்று மூன்று இடத்தில் நகலாகக் கிடந்து, விகிதமும் அங்கேயே எழுதப்பட்டிருந்தால், மூன்றையும் கண்டுபிடித்தாக வேண்டும். இரண்டை மாற்றி ஒன்றை விட்டால், பொருள் திரும்பி வரும்போது வாங்கிய வரி ஒன்று, திருப்பித் தரும் வரி வேறொன்று. ஜெர்மனியில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நிஜ மென்பொருட்களில் பார்த்தது: தெரியாமல் ஒரு நகலை மட்டும் மாற்றிவிட்ட இடங்களில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று பிழையாக முடிந்திருந்தது.

படி 1: எதை நகல் என்பீர்கள்?

இந்தத் துறையில் நகல்களை, அதாவது குளோன்களை, நாலு வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகை, இடைவெளியும் கமென்ட்டும் தவிர மற்றதெல்லாம் அச்சு அசல். இரண்டாம் வகையில் வேரியபிள் பெயர், எண்கள், டைப் மாறியிருக்கும். மூன்றாம் வகையில் சில வரிகள் சேர்ந்தோ, போயோ, மாறியோ இருக்கும். நான்காம் வகை, எழுதிய விதமே வேறு, செய்யும் வேலை ஒன்று.

இந்தப் பிரிவு கருவியைப் பற்றிப் பேச உதவும். ரிப்போர்ட்டைப் பற்றிப் பேச டீமுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த இரண்டில் ஒன்றில் பிழை திருத்தினால், மற்றதையும் போய்ப் பார்க்க வேண்டுமா?" ஆம் என்றால் நகல். இல்லை என்றால், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் உங்களுக்கு அது நகல் இல்லை. இதை எழுதி, லீடிடமும் டெஸ்டிங் ஆட்களிடமும் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இது இல்லாமல் துல்லியம் என்று ஒன்றை அளக்கவே முடியாது.

படி 2: ஓட்டும் முன் குப்பையை வெளியே எடுங்கள்

கருவி தானாக உருவாக்கிய கோட் (புரோட்டோபஃப், ஸ்வாகர் வகையறா), வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளே வைத்த லைப்ரரிகள், நோட் மாட்யூல்ஸ், சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட், டேட்டாபேஸ் மைக்ரேஷன் கோப்புகள், பில்ட் அவுட்புட் ஆகிய எல்லாவற்றையும் விலக்குங்கள். டெஸ்ட் கோடையும் தனியாக ஓட்டுங்கள். டெஸ்ட்டில் ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப எழுதுவது சகஜம், அது மெயின் கோடின் எண்ணிக்கையைக் கெடுக்கும்.

விலக்கும் ஒவ்வொன்றுக்கும் எதற்காக என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து "இந்த ஃபோல்டர் ஏன் வரலை?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு, புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பார்க்க வேண்டிய கோப்பையே கருவி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். உதாரணமாக, பல மொழிகளில் நகல் தேடும் ஜேஎஸ்சிபிடி என்ற கருவி டிஃபால்ட்டாக 1000 வரிக்கு மேலோ 100 கேபிக்கு மேலோ போகும் கோப்பைத் தொடாது. பழைய புராஜெக்ட்டில் நகல்கள் குவிந்து கிடப்பதே அப்படிப்பட்ட பெரிய கோப்புகளில்தான்! எத்தனை கோப்பு படிக்கப்பட்டது என்று லாக்கில் பாருங்கள், கிட் ரெப்போவில் அந்த மொழிக் கோப்புகள் எத்தனை என்று எண்ணுங்கள், இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த இடத்திலேயே நின்று காரணம் தேடுங்கள். வரம்பு, என்கோடிங் கோளாறு, கருவிக்குப் புரியாத புதிய சின்டாக்ஸ் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இன்னொன்று. கிளையன்ட் கோடை இணையத்தில் கிடைக்கும் எந்தத் தளத்திலும் ஒட்டிப் பார்க்காதீர்கள். எல்லாம் உங்கள் மெஷினிலோ கம்பெனி சர்வரிலோ ஓடட்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட தாள்களில் இதுவும் இருக்கும்.

படி 3: முதல் ஓட்டம்

ஜாவாவுக்கு, பிஎம்டி என்ற கோட் சோதனைக் கருவியுடன் வரும் சிபிடி என்ற நகல் தேடும் கருவி போதும். இலவசம், வேகம், அவுட்புட்டை எக்ஸ்எம்எல்லாகவோ சிஎஸ்வியாகவோ கொடுக்கும். கோடை டோக்கன்களாக (பெயர், எண், குறி போன்ற சின்னத் துண்டுகளாக) உடைத்து, குறைந்தபட்சம் இத்தனை டோக்கன் தொடர்ந்து ஒன்றாக வந்தால் பொருத்தம் என்பது அதன் கணக்கு. முதல் ஓட்டத்தில் அந்த வரம்பை 50 என்று தாழ்வாகவே வையுங்கள். பெயர்களையும் எண்களையும் கண்டுகொள்ளாதே என்ற ஆப்ஷன்களை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

நிறைய வரும், வரட்டும். இந்த ஓட்டத்தின் ரிப்போர்ட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். அளவெடுக்க மட்டும்தான் இது.

உங்கள் இடத்தில் கோடின் தரத்தை அளக்கும் சோனார்க்யூப் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் எண்ணும் சிபிடியின் எண்ணும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். சோனார்க்யூப் ஜாவாவுக்குத் தொடர்ந்து 10 ஸ்டேட்மென்ட் ஒத்திருக்க வேண்டும் என்று பார்க்கிறது, ஸ்ட்ரிங் மதிப்புகளின் வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை. பிற மொழிகள் பெரும்பாலானவற்றுக்கு 100 டோக்கன், அதுவும் 10 வரியிலாவது பரவியிருக்க வேண்டும். அளவுகோல் வேறு, அதனால் எண்ணும் வேறு.

படி 4: நூறு பொருத்தத்தைக் கையால் பாருங்கள்

அலுப்பான வேலை. ஆனால் மொத்த வழிமுறையில் இதை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது.

எப்படிப் பொறுக்குவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. கருவி ஒரே மாதிரி துண்டுகளை ஒரு குழுவாகக் கொடுக்கும். 40 இடத்தில் வரும் ஒரு செட்டர் குழுவை ஜோடியாகப் பிரித்தால் 780 ஜோடி ஆகிவிடும். எல்லா ஜோடியையும் ஒரே குவியலில் போட்டு நூறு எடுத்தால், அந்த ஒரு குழுவே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முதலில் குழுக்களைக் குலுக்கி எடுங்கள், பிறகு ஒரு குழுவுக்கு ஒரு ஜோடி.

குழுக்களையும் அளவு வாரியாகப் பிரித்துக்கொள்வது நல்லது: 50 முதல் 75 டோக்கன், 75 முதல் 100, அதற்கு மேல். ஒவ்வொரு அடுக்கிலும் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு எடுத்தால் போதும்.

இப்போது படி 1-ல் எழுதிய கேள்வியை ஒவ்வொரு ஜோடிக்கும் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று ஷீட்டில் போடுங்கள். இன்னொருவரும் தனியாகப் போடட்டும், ஒருவர் பதிலை மற்றவர் பார்க்கக் கூடாது. அந்த மாட்யூலைத் தெரிந்த சீனியர் அக்காவோ அண்ணாவோ கிடைத்தால் பிடித்து உட்கார வையுங்கள், ஒரு ஃபில்டர் காபி செலவுதான்.

இருவரும் 90 இடத்தில் ஒத்துப்போனோம் என்று சந்தோஷப்படும் முன் ஒரு கணக்கு. அந்த நூறில் 85 அப்பட்டமான குப்பை என்றால், அதில் ஒத்துப்போவது யாராலும் முடியும். மீதி இருக்கிற 15-ல் 10-ல் சண்டை என்றால் உங்கள் வரையறை இன்னும் தெளிவாகவில்லை. தற்செயலான ஒப்புதலைக் கழித்துச் சொல்லும் கோஹென் கப்பா என்ற அளவு இதற்காகத்தான் இருக்கிறது. எக்ஸெலிலேயே போடலாம். முரண்பட்ட ஜோடிகளை உட்கார்ந்து பேசி, தீர்ப்புக்கான காரணத்தை வரையறையில் சேர்த்துவிடுங்கள்.

பார்த்ததில் எத்தனை சதவீதம் உண்மை நகலோ அதுதான் பிரிசிஷன். அடுக்கு வாரியாக நூறு எடுத்திருப்பதால், மொத்தத்துக்கு ஒரே எண் சொல்லும்போது ஒவ்வொரு அடுக்கிலும் உண்மையில் எத்தனை குழு இருக்கிறதோ அந்த விகிதத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழை வரம்பையும் மறக்காதீர்கள். நூறு மாதிரியில் 62% வந்தால், உண்மை எண் சுமார் 52-க்கும் 72-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். அதனால் 62 அடுத்த வாரம் 65 ஆனதை முன்னேற்றம் என்று ஸ்லைடில் போட வேண்டாம்.

படி 5: விடுபட்டது எவ்வளவு?

பிரிசிஷன் வந்ததை மட்டும் பேசும். வராததை ரீகால்தான் சொல்லும். அது கஷ்டம், ஏனென்றால் வராததைப் பட்டியல் போட முடியாது. நடைமுறையில் இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, நீங்களே நகல் நடுவது. தூக்கிப்போடப் போகும் ஒரு பிராஞ்சில், இருபது ஃபங்ஷன்களை எடுத்து நகலெடுங்கள். சிலவற்றில் வடிவத்தை மட்டும் கலையுங்கள், சிலவற்றில் பெயர்களை மாற்றுங்கள், சிலவற்றில் நடுவில் ஒரு லாக் வரி சேருங்கள் அல்லது மதிப்பு காலியா (null) என்று பார்க்கும் ஒரு வரியை எடுத்துவிடுங்கள். வகை வாரியாக எத்தனை பிடிபட்டது என்று எண்ணுங்கள். நகல் கண்டறியும் கருவிகளை ஒப்பிட ஆய்வாளர்களும் இந்த முறையைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள்.

இரண்டாவது வழியை நான் அதிகம் நம்புகிறேன்: கிட் வரலாறும் டிக்கெட் வரலாறும். "இதே ஃபிக்ஸ் கிரெடிட் நோட்டிலும்", "அங்கேயும் அதே பிரச்சனை" என்ற மாதிரி கமிட் மெசேஜ்களைத் தேடுங்கள். மூடிய டிக்கெட் மறுபடி திறந்து, வேறு ஸ்கிரீனில் அதே பிழை என்று வந்திருந்தால் அதையும் எடுங்கள். ஒரே கமிட்டில் ஒரே மாதிரி திருத்தம் இரண்டு கோப்பில் விழுந்திருந்தால் அதுவும் சேரும். இவை நீங்கள் நட்ட செயற்கை நகல்கள் இல்லை, வருடக்கணக்கில் தனித்தனியாக வளர்ந்து விலகிப்போன நிஜ நகல்கள். முப்பது ஜோடி கிடைத்தாலே போதும். கருவி அதில் எத்தனையைச் சொல்கிறது என்று பாருங்கள். நட்டதில் வந்த எண்ணைவிட இது பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

படி 6: இப்போது திருகுங்கள்

அளவு கையில் இருப்பதால், இனி எதைத் திருகினாலும் நல்லதா கெட்டதா என்று தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

*நடுவில் ஒரு வரி.* சிபிடி தொடர்ச்சியான டோக்கன்களைத்தான் பார்க்கிறது. 130 டோக்கன் உள்ள ஒரு ஃபங்ஷனை யாரோ நகலெடுத்து, சரியாக நடுவில் ஒரு லாக் வரி போட்டுவிட்டார் என்று வையுங்கள். இப்போது இருப்பது 65 டோக்கன் கொண்ட இரண்டு துண்டு. வரம்பு 100 என்றால் இரண்டுமே பிடிபடாது, முழு நகலும் கண்ணில் படாமல் போய்விடும். இதற்குத்தான் 50-ல் ஓட்டச் சொன்னேன். ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, அதே இரண்டு கோப்பில், அதே வரிசையில், இரண்டு மூன்று வரி இடைவெளியில் வரும் துண்டுகளை ஒன்றாக ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மொத்த டோக்கன் 100-க்குக் குறைந்தால் தூக்கிவிடுங்கள். தாழ்ந்த வரம்பில் வரும் குப்பை பெரும்பாலும் தனித் துண்டாக நிற்கும் என்பதால் இந்த வடிகட்டலில் போய்விடும், பிளந்துபோன உண்மை நகல்கள் தங்கிவிடும்.

ஸ்கிரிப்ட் எழுத நேரம் இல்லையென்றால் நைகேட் இருக்கிறது. ஃபங்ஷன் ஃபங்ஷனாக எடுத்து, ஒரே வடிவத்தில் அடுக்கி, வரிக்கு வரி ஒப்பிடும். 0.3 என்று வைத்தால் 30% வரை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். மூன்றாம் வகைக்கு நல்ல கருவி. கோடி வரிகள் என்ற அளவில் போனால், 2016-ல் வந்த சோர்சரர்சிசி போன்றவை. டோக்கன்களின் வரிசையைப் பார்க்காமல் எத்தனை டோக்கன் பொது என்று மட்டும் எண்ணும், அதனால் வரிகள் இடம் மாறினாலும் பிடித்துவிடும்.

*பெயர்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது.* இந்த ஆப்ஷனைப் போட்டதும் ரீகால் ஏறும், பிரிசிஷன் சரியும். ஏனென்றால் எல்லா வேரியபிளும் ஒன்றாகிவிட்டால் எல்லா செட்டரும், எல்லா மேப்பிங் கோடும் ஒன்றாகிவிடும். இதைத் தனி ஓட்டமாக ஓட்டி, கீழே சொல்லும் வடிகட்டியையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

அப்படி வந்த ஜோடிகளில் பெயர்கள் ஒழுங்காக மாறியிருக்கிறதா என்று ஒரு சோதனை போடுங்கள். இன்வாய்ஸ் கோடை நகலெடுத்தவர் ஏழு இடத்தில் பெயரை கிரெடிட் நோட் என்று மாற்ற வேண்டும், ஆறில் மாற்றி ஒன்றில் மறந்திருக்கிறார் என்றால் அது நகல் மட்டும் இல்லை, பிழையாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். 2004-ல் வந்த சிபி-மைனர் என்ற கருவி லினக்ஸ் கர்னலில் இந்த மாதிரி பிழைகளைத்தான் வேட்டையாடியது. இவற்றை ரிப்போர்ட்டின் உச்சியில் வையுங்கள். லீட் ரிப்போர்ட்டை மறுபடி திறக்க இது ஒன்றே காரணமாக அமையும்.

*தனக்குள் திரும்பத் திரும்ப வருவது.* செட்டர் வரிசை, கான்ஸ்டன்ட் பட்டியல், நீளமான ஸ்விட்ச் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. துண்டுக்குள்ளேயே ஒரே அமைப்பு மாலையில் பூ மாதிரி தொடர்ந்து வரும். ஒரு துண்டில் திரும்ப வராத டோக்கன்கள் எத்தனை பங்கு என்று கணக்கிட்டு, பாதிக்குக் கீழே போனால் ஒதுக்கிவிடலாம். சிசிஃபைண்டர் கருவியை உருவாக்கிய ஜப்பான் குழு இந்த வடிகட்டியைப் பயன்படுத்தியது. குப்பையை இந்த அளவுக்கு ஒரே வீச்சில் குறைக்கும் வேறு ஒன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் வரி விகித அட்டவணை மாதிரி உண்மையாகவே முக்கியமான பட்டியல்களும் இதில் அடிபடும், ஒதுக்கியதில் ஒரு இருபதைப் புரட்டிப் பாருங்கள்.

*ஃபங்ஷன் எல்லை.* ஒரு ஃபங்ஷனின் வாலில் தொடங்கி அடுத்ததன் தலையில் முடியும் பொருத்தத்தை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எல்லையில் வெட்டி, மிஞ்சியது வரம்பைத் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

நான்காம் வகைக்கு இப்போது மெஷின் லேர்னிங் மாடல்கள் நிறைய இருக்கின்றன. 2014-ல் வெளியான பிக்குளோன்பெஞ்ச் என்ற தொகுப்பில் பிரமாதமான மதிப்பெண் எடுத்ததாகச் சொல்வார்கள். அந்தத் தொகுப்பை மாடல் பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் பயன்படுத்துவதே சரியில்லை என்ற விமர்சனமும் பிறகு வந்தது. உங்கள் நூறு ஜோடியிலும் அந்த முப்பது ஜோடியிலும் என்ன மதிப்பெண் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே வேலையைப் பற்றிய கோட் என்பதாலேயே, நகல் இல்லாத இரண்டை ஒன்று என்று சொல்வது இவற்றின் வழக்கமான கோளாறு.

படி 7: வெளியே அனுப்புவது

திருகி முடித்ததும் புதிதாக நூறு ஜோடி எடுத்து மறுபடி பாருங்கள். பழைய நூறை வைத்தே திருகியிருப்பதால், அதிலேயே மதிப்பெண் போடுவது கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற கதை.

ரிப்போர்ட்டில் மொத்தத்தையும் கொட்டாமல் முதல் இருபதை வையுங்கள். பெயர் மாற்றம் அரைகுறையானவை முதலில், அடுத்து கிட் வரலாற்றில் அடிக்கடி கைபடும் கோப்புகளில் உள்ளவை. மூன்று வருடமாக யாரும் தொடாத மாட்யூலில் இருக்கும் நகல் அப்படியே இருக்கட்டும்.

நகல் என்று தெரிந்தும் விட்டுவைக்க வேண்டியவையும் உண்டு. கேப்சர், காட்ஃப்ரே என்ற இரு ஆய்வாளர்கள் 2006-லேயே, சில இடங்களில் நகலெடுப்பது நியாயமான வடிவமைப்பு முடிவுதான் என்று காட்டினார்கள். இரண்டு கிளையன்ட்டுகளின் விதிகள் இன்று ஒன்றாக இருந்து நாளை பிரியப்போகிறது என்றால் ஒன்றாக்காதீர்கள். சிபிடியிலும் ஜேஎஸ்சிபிடியிலும் கமென்ட் போட்டு ஒரு பகுதியை விலக்கும் வசதி இருக்கிறது. பக்கத்திலேயே காரணத்தையும் டிக்கெட் எண்ணையும் எழுதுங்கள்.

பழையதை எல்லாம் சரிசெய்தால்தான் பில்ட் போகும் என்று வைத்தால் டீமே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும். புதிதாகச் சேரும் கோடுக்கு மட்டும் கதவு போடுங்கள். சோனார்க்யூபின் டிஃபால்ட் விதியும் அப்படித்தான்: புதிய கோடில் நகல் வரிகள் 3% தாண்டினால் மட்டும் தடுக்கும்.

தீர்ப்பு எழுதிய ஷீட், ஒட்டும் ஸ்கிரிப்ட், விலக்குப் பட்டியல் மூன்றையும் ரெப்போவிலேயே ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். பிஎம்டி புதிய பதிப்பு வரும்போதோ, ஜாவா பதிப்பு மாறும்போதோ, அந்த ஜோடிகளை வைத்து மறுபடி ஒருமுறை ஓட்டினால் எண் ஏறியதா இறங்கியதா என்று ஒரே மதியத்தில் தெரிந்துவிடும். நீங்கள் வேறு புராஜெக்ட்டுக்குப் போகும் நாளில் கேடி கொடுக்கவும் அந்த ஃபோல்டரே போதும்.